சிப்பாய்க்கு எதற்கு ரப்பர் மெத்தை?

பதிவு கொஞ்சம் நீளம். ரிட்டயர் ஆன வாத்தியாரிடம் சுருக்கத்தை எதிர்பார்க்காதீர்கள்.

போன வாரம் குடும்பக் குழுவில் ஒரு படம் போட்டிருந்தேன். ஒரு ரைபிளின் பின்கட்டை, அதன் முனையில் ஒட்டினாற்போல் கறுப்பு ரப்பர். வேறொன்றும் இல்லை. கீழே என் மைத்துனர் எழுதினார்: "பதினேழு வருஷம் பட்டாளத்துல இருந்தவனுக்கு இன்னாத்துக்கு மாமா ரப்பர் மெத்தை?" அதற்குப் பின்னால் வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். பழைய மாணவர் குழுவிலும் இதே கேலிதான். "நம்ம காலத்துல தோள் கறுத்தாத்தான் சார் துப்பாக்கி சுட்டதா அர்த்தம்" என்று ஒருவன்.

நானும் முப்பது வருஷம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று இப்போது நினைக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

அந்த ரைபிள் என் மாணவன் ஒருவனுடையது. நம் மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் போகாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம். இவனும் அப்படிப் போனவன்தான். திரும்பி வந்து, உரிமம் வாங்கி, ஒரு .315 ரைபிளோடு காவல் வேலை பார்க்கிறான். .315 என்பது நம் அரசுத் தொழிற்சாலையில் செய்யும் துப்பாக்கி. பழைய .303 லீ என்ஃபீல்டு வழியில் வந்தது. மரக்கட்டை கழுத்துப் பக்கம் விரிசல் விட்டதால், வெளியூர்க் கடை ஒன்றில் ஃபைபர் கட்டை மாற்றிக்கொண்டான். மழையில் ஊறாது, வெயிலில் வளையாது, எடையும் குறைவு. எல்லாம் நல்லதாகத்தான் தோன்றியது. அடுத்த சுடும் பயிற்சிக்குப் போனான், ஐந்து தோட்டாவில் தோள் வீங்கிவிட்டது.

என்.சி.சி. வாத்தியார் என்பதால் என்னிடம் வந்தான். "வயசாயிடுச்சா சார் எனக்கு?" என்று கேட்டான். வயசு இல்லைடா, கணக்கு என்றேன்.

எட்டாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததுதான். தோட்டா முன்னால் போகும்போது துப்பாக்கி பின்னால் வரும். .303-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். குண்டு சுமார் 11 கிராம், வேகம் விநாடிக்கு 740 மீட்டர் அளவில். துப்பாக்கி 4 கிலோவுக்குப் பக்கம். அந்த 4 கிலோவை 3 கிலோ ஆக்கினால், அதே தோட்டாவுக்குத் துப்பாக்கி பின்னால் வரும் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும், தோளில் வந்து விழும் ஆற்றலும் மூன்றில் ஒரு பங்கு கூடும். தூக்குவதற்குச் சுகமாக இருப்பது சுடும்போது கடன் வசூலிக்கும். மரத்தை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ரப்பர் அந்த உதையைக் குறைத்துவிடாது. உதை அதே உதைதான். ஆனால் அது தோளுக்கு வந்து சேரும் நேரத்தை ரப்பர் கொஞ்சம் நீட்டுகிறது, ஒரே இடத்தில் குத்தாமல் பரப்பியும் விடுகிறது. கட்டட வேலையில் கீழிருந்து வீசும் செங்கல்லை மேலே நிற்பவர் எப்படிப் பிடிக்கிறார், பாருங்கள். கல்லோடு சேர்ந்து கையையும் கொஞ்சம் இறக்கித்தான் பிடிப்பார். விறைப்பாக நீட்டிக்கொண்டு பிடித்தால் சாயங்காலம் மணிக்கட்டு இருக்காது. அந்தக் கை செய்யும் வேலையை இங்கே ரப்பர் செய்கிறது. கொத்தனாரைப் பார்த்து யாராவது "கையை இறக்கறியே, வீரமில்லையா" என்று கேட்கிறோமா?

இவன் என்னிடம் வருவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்திருந்தான். ஒரு அங்குல ரப்பர் பேட் வாங்கி, கட்டையின் முனையில் அப்படியே வைத்து ஒட்டிவிட்டான். வலி குறையவில்லை, கூடியது. காரணம் நீளம். விசையிலிருந்து கட்டையின் பின்முனை நடு வரை ஒரு நீளம் இருக்கிறது. ஆளுக்கு ஆள் அது மாற வேண்டும். அது அதிகமானால் கட்டை தோள்குழியில் உட்காராது, கைப் பக்கம் நழுவி, புஜத்தின் எலும்பு மேல் போய் நிற்கும். கண்ணும் குறிக்கு எட்டாது. கழுத்தை நீட்டி எக்கிக்கொண்டு சுடுவான். இவனுக்குத் தேவை பதிமூன்றேகால் அங்குலம். ஃபைபர் கட்டையே பதிமூன்றரை இருந்தது. அதன் மேல் ஒரு அங்குலம் ரப்பரை வைத்தால் பதினாலரை. மெத்தை போட்டுக்கொண்டும் அடி வாங்கியது இதனால்தான்.

ஆகவே கட்டையை ஒன்றேகால் அங்குலம் வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் பேட் வைக்க வேண்டும். பேட்டின் ஓரம் கட்டையின் ஓரத்தோடு சரியாகச் சேர வேண்டும். இதற்கு ஊரில் யார் என்று யோசித்தபோது, ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் இருபது வருஷம் இருந்துவிட்டு, இப்போது ஒடுகத்தூரிலேயே சின்னதாகப் பட்டறை போட்டிருக்கும் இன்னொரு மாணவன் ஞாபகம் வந்தது. சோல் ஓரத்தைத் தேய்த்து வடிவம் கொடுக்கும் மெஷின் அவனிடம் இருக்கிறது. ரப்பரைத் தேய்க்க அதைவிட நல்ல மெஷின் கிடையாது.

வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை நாளில் போனோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கி அந்தக் கூட்டத்தைக் கடக்கவே கால் மணி நேரம் ஆனது. ரைபிள் வரவில்லை, கட்டை மட்டும்தான் வந்தது. இந்த வகையில் பின்கட்டை தனித் துண்டு, உள்ளே ஓடும் ஒரு நீளமான போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும். உரிமக்காரன் கடைசி வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். இதைப் படிக்கும் சின்னப் பையன்கள் யாரும் உரிமம் இல்லாமல் இந்த மாதிரி விஷயத்தில் கை வைக்காதீர்கள். நாட்டுத் துப்பாக்கிக் கதையெல்லாம் ஜவ்வாது மலையடிவாரத்தில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். செய்வதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

முதலில் வெட்டும் இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டினான். டேப்பின் மேல்தான் கோடு. ஃபைபர் மரம் மாதிரி வெட்டுப்படாது, ஓரம் பிய்ந்து செதில் செதிலாக வரும். டேப் அதைப் பிடித்துக்கொள்ளும். பொடிப்பல் ஹேக்ஸா பிளேடு. ஒரே பக்கம் அறுக்காமல், சுற்றிச் சுற்றி வெளித்தோலை முதலில் அறுத்து, பிறகு உள்ளே போனான். முகத்தில் மாஸ்க், முழுக்கை சட்டை, தரையில் ஈரத்துணி. ஃபைபர் தூள் தோலில் பட்டால் ராத்திரி முழுக்க அரிப்பு, நுரையீரலுக்குப் போனால் அதைவிட மோசம். நான் மாஸ்க் இல்லாமல் எட்டிப் பார்த்தேன். "சார், வெளியே போங்க" என்றான். முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் அவனைச் சொன்ன அதே குரல்.

முதலில் ஒரு அங்குலம்தான் வெட்டினான். மீதிக் கால் அங்குலத்தைத் தோளில் வைத்துப் பார்த்து, தேய்த்துத் தேய்த்துக் குறைத்தான். வெட்டினதை ஒட்ட முடியாது இல்லையா.

வெட்டின பிறகு பார்த்தால் உள்ளே காலி. ஓரத்தில் ஃபைபர் ஓடு, நடுவில் கொஞ்சம் நுரை மாதிரி, அவ்வளவுதான். ஸ்க்ரூ எதைப் பிடிக்கும்? ஒரு தேக்குத் துண்டை உள்வடிவத்துக்குச் செதுக்கி, அரால்டைட் பூசி உள்ளே இறக்கினான். இங்கேதான் நான் உருப்படியாக ஒரு வார்த்தை சொன்னேன்: நடுவில் போல்ட் போகும் துவாரத்தை அடைக்காதே. முழுக்க அடைத்துவிட்டால் நாளைக்குக் கட்டையைத் துப்பாக்கியில் மாட்டவும் முடியாது, கழற்றவும் முடியாது. தேக்கில் துவாரம் போட்டுத்தான் இறக்கினான். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டான். மறுநாள் சின்ன பிட்டால் முன்துளை போட்டு, ஸ்க்ரூவில் மெழுகு தடவி, பேட்டின் முகத்தில் உள்ள பிளவு வழியாக விட்டு முறுக்கினான். ரப்பர் திரும்பவும் மூடிக்கொண்டது, ஸ்க்ரூ இருக்கும் இடமே தெரியவில்லை.

பேட் கட்டையைவிட எல்லாப் பக்கமும் பெரிதாக இருந்தது. கட்டையை ஒட்டிக் கூர்முனையால் கோடு இழுத்து, பேட்டைக் கழற்றி, மெஷினில் தேய்க்க ஆரம்பித்தான். முதலில் முரட்டு பட்டி, பிறகு மெல்லிசு. அழுத்தினால் ரப்பர் கருகி நாற்றம் வரும். தொட்டும் தொடாமலும் தேய்த்து, நடுநடுவே தண்ணீரில் முக்கினான். கட்டையின் அடிப்பக்கம் நேராக இறங்காமல் சாய்ந்து வரும். அந்தச் சாய்வு ரப்பரிலும் தொடர வேண்டும். நேராகத் தேய்த்துவிட்டால் அடிமுனையில் ஒரு படி மாதிரி தெரியும். பெரிய ஊர்க் கைவினைஞர்கள் இதற்கென்றே ஒரு சாய்வுப் பிடி வைத்திருப்பார்கள். இவன் கையிலேயே சாய்த்தான். ஹீல் தேய்த்த கை அது. கடைசியாகத் திரும்ப மாட்டி, கட்டையில் இரண்டு சுற்று டேப் ஒட்டி, மேல் டேப் லேசாகச் சிராய்க்கிற வரை தேய்த்து நிறுத்தினான். விரலால் தடவிப் பார்த்தேன். ஃபைபர் எங்கே முடிகிறது, ரப்பர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

தேய்த்துக்கொண்டிருக்கும்போது, தலை நிமிராமல் கேட்டான்.

"காலுக்கு ஆறு, ஏழு, எட்டுன்னு நம்பர் போட்டுச் செய்யறோம். நடுவுல ஆறரை, ஏழரை கூட இருக்குது. துப்பாக்கிக்கு மட்டும் ஏன் சார் எல்லாருக்கும் ஒரே நம்பர்?"

நான் பதில் சொல்வதற்குள் அடுத்ததையும் கேட்டான். "எனக்கு அன்னைக்கு நீளமாத்தான் இருந்துச்சு, இல்ல சார்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். பட்டாளத்துக்காரனும் சிரித்தான். எனக்குச் சிரிக்க வரவில்லை.

1991. இவன் ஒன்பதாம் வகுப்பு. வகுப்பிலேயே குள்ளம். காக்கிச் சட்டை முழங்கால் வரை தொங்கும். .22 ரைபிளில் ஐந்து ரவுண்டு குரூப்பிங். .22-க்கு உதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கட்டை வளர்ந்த ஆளுக்குச் செய்தது. படுத்துச் சுடும்போது இவனால் தோள்குழியில் வைக்க முடியவில்லை, புஜத்தில் வைத்தான். கண் குறிக்கு எட்டாமல் தலையைத் தூக்கித் தூக்கி எக்கினான். ஐந்து தோட்டாவும் அட்டையில் ஐந்து திசைக்குப் போயின. ஒன்று அட்டையிலேயே படவில்லை. எழுபது பையன்கள் முன்னால் நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். அவனுக்கு ஞாபகம் இருக்கிறது என்று இப்போது தெரிகிறது. அடுத்த அணிவகுப்புக்கு அவன் வரவில்லை. சீருடையைத் துவைத்து மடித்து, தங்கச்சியிடம் கொடுத்து அனுப்பினான்.

நான் கெட்டவன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. நான் எங்கே படித்தேனோ அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். 1986-இல் நாக்பூர் பக்கம் காம்ப்டியில் என்.சி.சி. அதிகாரிகளுக்கான பயிற்சிக்குப் போனேன். ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்த, ஐந்தடி மூன்று அங்குல வாத்தியார். கையில் .303. கட்டையின் முனையில் பித்தளைத் தகடு. முதல் நாள் சாயங்காலம் தோள் நாவற்பழம் மாதிரி கறுத்துவிட்டது. உஸ்தாத் பார்த்துவிட்டு, இதுதான் உன் முதல் மெடல் என்றார். பெருமையாக இருந்தது. ஊருக்கு வந்து அந்த மெடலைப் பையன்களுக்கும் பகிர்ந்து கொடுத்தேன்.

பல வருஷம் கழித்துத்தான் ஒரு விஷயம் தெரிந்தது. அந்த .303-க்கு வெள்ளைக்காரன் ஒரே அளவில் கட்டை செய்யவில்லை. சாதாரண அளவு ஒன்று. அதைவிட அரை அங்குலம் நீளமாக ஒன்று, அதில் எல் என்று முத்திரை. அரை அங்குலம் குட்டையாக ஒன்று, எஸ். ஒரு அங்குலமே குட்டையாக ஒன்று, அதற்கு பாண்டம் என்று பெயர், பி என்று முத்திரை. குள்ளமான சிப்பாய்களுக்கு. அரைக் கூலிக்கு நம்மை வேலை வாங்கிய அந்த ராஜ்ஜியம்கூட, சிப்பாயின் கை நீளத்தை அளந்தது. அன்பினால் இல்லை, குறி தப்பக் கூடாது என்பதற்காக. காம்ப்டியில் என் கைக்கு வந்த கட்டையில் என்ன எழுத்து இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

இப்போதைய ராணுவமும் அங்கேதான் வந்து நிற்கிறது. அமேதி பக்கம் கோர்வாவில் செய்யும் ஏ.கே. 203-இல் கட்டையை நீட்டிக் குறைக்கலாம். 2022 முதல் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பெண் பிள்ளைகளும் சேர்கிறார்கள். அவர்கள் எல்லாரையும் ஆறடி ஆளின் கட்டைக்குப் பின்னால் நிறுத்தி, எக்கிச் சுடு என்று சொல்ல முடியுமா?

என் மைத்துனரின் கேள்விக்கு இப்போது வருகிறேன். வலியைத் தாங்குவது வேறு, தேவையில்லாத வலியைத் தாங்குவது வேறு. இரண்டாவது ஒரு பழக்கத்தை உண்டாக்கும். அடுத்த உதை வரும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால், விசையை இழுக்கும் அந்த நொடியில் கண் தானாக மூடும், தோள் தானாக முன்னால் வரும், குறி கெடும். பதினேழு வருஷ சிப்பாய்க்கும் இது நடக்கும். நடந்தது. காவல் வேலையில் இருப்பவனின் குறி தப்பினால் தோட்டா எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். அவன் தோளுக்காக மட்டும் நான் பேசவில்லை.

பள்ளிக்கூடத்தில் இதே தவறை வேறு உருவங்களில் செய்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கால் தரையில் படாத பெஞ்சு, இடக்கைப் பிள்ளையிடம் வலக்கைக் கத்தரிக்கோல். வெட்டு கோணலாக வந்தால் பிள்ளையைத் திட்டினேன். கத்தரிக்கோலை ஒருநாளும் திட்டியதில்லை. இதில் பாதிப் பேர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள். யார் யாருக்கு என்ன சொன்னேன் என்று எனக்கு முழுக்க ஞாபகம் இல்லை. உங்களுக்கு இருந்தால் கீழே எழுதுங்கள், நான் படிக்கிறேன்.

சிலர் கேட்பீர்கள்: அரசாங்க ரைபிளை வாத்தியார் வெட்ட முடியுமா? முடியாது, வெட்டவும் கூடாது. ஆனால் செய்யக்கூடியது நிறைய உண்டு. இப்போது என்.சி.சி. பார்க்கும் என் மாணவர்கள் மூன்று பேருக்காக இதைச் சொல்கிறேன். சுடும் நாளுக்கு முந்தைய நாளே ஒவ்வொரு பிள்ளையையும் காலி ரைபிளோடு படுக்க வையுங்கள். கட்டை தோள்குழியில் உட்கார்கிறதா, கன்னம் இயல்பாகக் கட்டையில் படிகிறதா, மூக்குக்கும் பிடித்த கையின் கட்டைவிரலுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். சின்னப் பிள்ளைக்கு உடம்பின் கோணத்தைக் கொஞ்சம் மாற்றினாலே பாதி சரியாகும். இடது கையைக் கொஞ்சம் பின்னுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஏர் ரைபிள் கிடைக்கும் இடமாக இருந்தால், பின்தகட்டை நகர்த்தும் வசதி உள்ளதைக் கேளுங்கள். அப்படியும் எட்டவில்லை என்றால் இந்த வருஷம் சுட வேண்டாம், அடுத்த வருஷம் வளர்ந்துவிடுவாள். அட்டையில் படாததற்கு யாரையும் எழுபது பேர் முன்னால் நிறுத்தாதீர்கள்.

போன ஞாயிறு பட்டாளத்துக்காரன் பயிற்சிக்குப் போய் வந்தான். பத்து ரவுண்டு. சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டினான். லேசாகச் சிவந்திருந்தது. குரூப்பிங் அட்டையும் கொண்டுவந்திருந்தான். அதை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பட்டறைக்காரன் கூலி வாங்கவில்லை. தேக்குத் துண்டுக்கும் அரால்டைட்டுக்கும் மட்டும் காசு எடுத்துக்கொண்டான். கிளம்பும்போது, அவன் மகள் இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பு, என்.சி.சி.யில் பேர் கொடுத்திருக்கிறாள் என்றான். அப்பா மாதிரியே உயரம் கம்மி. "அவளுக்குக் குடுக்கற ரைபிள் எவ்ளோ நீளம் இருக்கும் சார்?" என்று கேட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், முதலில் அவள் கையை அளந்து பார்ப்போம். இஞ்ச் டேப் அவனே கொண்டு வருகிறானாம்.